பாகூர் வயலில் ஒரு டவர் பரிசோதனை

புதுச்சேரியின் பாகூரில், நடவு முடிந்து பச்சை பிடிக்கத் தொடங்கிய வயல். வரப்பில் டிரைபாடை நிறுத்தி, கால்கள் சேற்றில் இறங்காமல் இருக்க அடியில் பலகைத் துண்டுகளைச் செருகிக்கொண்டிருந்தார் உதவியாளர். செல்போன் டவர் எங்களைவிட்டு வெகுதூரம் தள்ளி நின்றது. அதன் அடியில் கதிர்வீச்சை ஏற்கெனவே அளந்தாயிற்று.

“அடியில கம்மியாத்தான் சார் காட்டும். இங்கதான் பாக்கணும்” என்றார் பொறியாளர். 40 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவை ஆறு டிகிரி கீழே சாய்த்திருந்தால், அதன் முதன்மைக் கற்றை தரைக்கு வருவது சுமார் 380 மீட்டர் தாண்டித்தான். டவருக்குக் கீழே குடியிருப்பவர்கள் பயப்படுகிறார்கள். கற்றையோ அவர்கள் தலைக்கு மேலே கடந்து போய்விடுகிறது.

அலையை அளக்கும் ப்ரோபின் தலை சிறு பந்துபோல இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து அலை வந்தாலும் பிடித்துக்கொள்ளும். அதை ஆள் உயரத்துக்கு ஏற்றியதும் எங்கள் எல்லோரையும் விலகச் சொன்னார். போன்களை அணைக்கச் சொன்னார். மனித உடம்பு அலையைத் தடுக்கும், திருப்பியும் அனுப்பும். பக்கத்தில் ஒரு போன் பேசிக்கொண்டிருந்தால் டவரை விட்டுவிட்டு அதைத்தான் கருவி அளக்கும். பிறகு ஆறு நிமிடச் சராசரி. அதற்குள் ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு மூதாட்டி வர, “ஆயா, செத்த நேரம் அங்கேயே நில்லுங்க” என்று உதவியாளர் கும்பிட்டார்.

நின்ற ஆயா, “இதால கேன்சர் வருதுன்னு சொல்றாங்களே, நெசமா தம்பி?” என்று கேட்டார்.

“எவ்வளவு இருக்கலாம்னு கவர்மென்ட் ஒரு அளவு வச்சிருக்கு ஆயா. அதைத் தாண்டுதான்னு பாக்கத்தான் வந்தோம்.” தான் அளந்ததற்கு மேல் ஒரு வாக்குறுதியும் அவர் தரவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ரேடியோ அலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற ஐயப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் சேர்த்தது. மறு ஆண்டு செப்டம்பர் 1 முதல், சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் இங்கே அனுமதி என்று இந்திய அரசு இறுக்கியது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-இல் 0.9.

இந்த வேலையின் நுட்பம் இனிமேல்தான். பகலில் வயலோரம் போன் பேசுபவர்கள் சிலர்; அளவு குறைவாகவே காட்டும். திருவிழா இரவில் டவர் முழுச் சுமையில் இயங்கினால்? அதனால், யாரும் பேசாதபோதும் டவர் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டு சிக்னலை மட்டும் தனியே பிரித்து அளக்கிறார்கள். அதை வைத்து, எல்லா சேனலும் நிரம்பினால் எவ்வளவு வரும் என்று கணக்கிடுகிறார்கள். வரம்போடு ஒப்பிடுவது அந்த மோசமான நிலையைத்தான். பாகூரில் அப்படிக் கணக்கிட்டும் வரம்புக்கு வெகு கீழேயே இருந்தது.

அடுத்துச் சென்ற வில்லியனூரில் கவலை வேறு. அங்கே மொட்டைமாடி ஆன்டெனாக்கள். ஒற்றை ஆன்டெனா என்றாலும், அதன் முகத்துக்கு நேரே அதே உயரத்தில் 20 மீட்டருக்குள் கட்டடம் இருக்கக்கூடாது என்பது விதி. எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஒரு மாடி எழுப்பினால் பழைய சான்றிதழ் பொருளிழந்துவிடும். டேப் பிடித்து எதிர்ச்சுவர்வரை அளந்தார்கள்.

செல்போன் நிறுவனமே தன் டவர்களை அளந்து தனக்குத்தானே சான்றளிக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் களப்பிரிவு அவற்றில் சிலவற்றை மறுபடி சோதிக்கிறது. மீறினால் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம். ஏற்பாடு சரிதான். ஆனால் அந்த ஆயாவுக்கு விடை எப்படிப் போய்ச் சேரும்?

ரேடியோ இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, விஎச்எஃப் ரேடியோ வழியே சுற்றுக் கிராமங்களுக்கு விலைநிலவரமும் வானிலையும் அனுப்பியது. வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவரவர் மொழியில் சொன்னதால்தான் அது பயன்பட்டது.

அளவீட்டு அறிக்கையையும் அப்படித் தமிழில் எழுதி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டலாம். 2017-இல் வந்த ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில், யார் வேண்டுமானாலும் 4,000 ரூபாய் கட்டித் தங்கள் இடத்தை அளக்கச் சொல்லலாம் என்று வைத்தார்கள். ஆடு மேய்ப்பவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? ஊருக்கு ஓர் அளவீட்டுக்கான கட்டணத்தை கொம்யூனே கட்டிவிட வேண்டும்.