செப்புக் காசும் வங்கிச் சீட்டும்

கடதாசி விளையாட்டு என்றதும் முகஞ் சுளிப்போர் நம்மிடையே இன்றும் உளர். பொழுதைப் போக்குவதற்கும் பொருளைத் தொலைப்பதற்கும் அஃது ஒரு வழி என்பது அவர்தம் எண்ணம். பணம் வைத்தாடும் ஆட்டத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணத்தை நான் மறுக்க வரவில்லை. ஆனால், ஒரு சீட்டின் பெறுமதி யாது, அப்பெறுமதி அதற்கு எங்கிருந்து வருகின்றது என்ற வினாவை எழுப்பி, அதற்குரிய விடையையும் கணக்காகக் காட்டவல்ல ஆட்டம் ஒன்று இருக்குமாயின், அதனை வீட்டு மேசையில் வைத்து ஆடுவதிற் குற்றமொன்றும் இல்லை என்பதே என் கருத்து.

நம்மவர்க்கு நன்கு பழக்கமான 304 ஆட்டத்திலேயே இவ்வினா ஒருவாறு தொக்கி நிற்கின்றது. அங்கே ஒன்பதுக்கு 20 புள்ளி. இராசாவுக்கோ 3 புள்ளிதான். ஆயினும் அப்புள்ளிகள் ஆட்டந் தொடங்குமுன்னரே விதிக்கப்பட்டவை. எவர் கைக்கு, எந்தச் சீட்டோடு சேர்ந்து வந்தாலும் அவை மாறுவதில்லை. சேர்ந்திருக்கும் கூட்டத்துக்கேற்பத் தன் பெறுமதி மாறும் சீட்டொன்றை நான் அறிந்தது முதுமையிலேதான். அதுவும் என் பேரப்பிள்ளைகள் வாயிலாக.

டொமினியன் என்பது அவ்வாட்டத்தின் பெயர். அமெரிக்கரான டொனால்ட் எக்ஸ். வக்கரினோ என்பவர் அமைத்த இவ்வாட்டம் 2008 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2009 இல் ஜேர்மனியில் ‘ஆண்டின் விளையாட்டு’ என்னும் பரிசைப் பெற்றது. ஏனைய ஆட்டங்களில் ஒரே கட்டைக் கலைத்து எல்லோருக்கும் பகிர்வர். இதிலோ ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கட்டு. தொடக்கத்தில் அதில் இருப்பன 7 செப்புக் காசுகளும், ஆட்டத்தின்போது ஒரு காசும் தராத 3 தோட்டச் சீட்டுகளுமே. ஒவ்வொரு முறையும் 5 சீட்டுகளைக் கையில் எடுத்து, அவற்றிலுள்ள காசைக் கொண்டு மேசை நடுவிலுள்ள அடுக்குகளிலிருந்து புதிய சீட்டொன்றை வாங்கித் தன் கட்டிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். செலவிட்ட காசு தொலைந்து போவதில்லை. கட்டு முடிந்ததும், கழித்து வைத்தவற்றைக் கலைத்து மீண்டும் எடுப்பதால், அது திரும்பத் திரும்பக் கைக்கு வரும். இறுதியில் எவருடைய கட்டிலுள்ள நிலச் சீட்டுகளின் புள்ளி மிகுந்திருக்கின்றதோ அவரே வென்றவர். அவற்றுள் ‘மாகாணம்’ என்பது 6 புள்ளி தரும். அதன் விலை 8 காசு.

செப்பு 1 காசாகும். அதற்கு விலையே இல்லை. வெள்ளி 2 காசு, விலை 3. பொன் 3 காசு, விலை 6. இவை மூன்றும் முகத்தில் எழுதியபடியே நடப்பவை. 2010 இல் ‘ப்ரொஸ்பெரிட்டி’ என்ற இணைப்புத் தொகுதி வெளியாயிற்று. அதில், 9 காசு விலையுள்ள பிளாட்டினம், 11 காசு விலையில் 10 புள்ளி தரும் ‘குடியேற்றம்’ ஆகியவற்றோடு, 7 காசு விலையில் ‘வங்கி’ என்றொரு சீட்டும் வந்தது. வங்கிக்கென்று நிலையான பெறுமதி கிடையாது. அதனை மேசையில் இடும் வேளையில், தன்னையும் சேர்த்து நாம் இட்டிருக்கும் காசுச் சீட்டுகள் எத்தனையோ, அத்தனை காசே அதன் பெறுமதி.

இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம், வங்கியை எப்பொழுதும் கடைசியாகவே இட வேண்டும் என்பது. முதலில் இட்டால் அது 1 காசோடு நின்றுவிடும்; பின்னர் எத்தனை பொற்காசுகள் வந்தாலும் உயராது. நான்கு செப்புகளை முன்னே இட்டு, வங்கியைப் பின்னே இட்டால், அது 5 காசாகின்றது. கையில் மொத்தம் 9. அதே நான்கு செப்புகளோடு பொன் வந்திருந்தால் 7 காசுதான். மாகாணத்தின் விலை 8 அல்லவா? அந்த இடைவெளியில்தான் வெற்றியும் தோல்வியும் உள்ளன.

சரியாக 7 காசு கையில் உள்ளபோது, பொன்னை வாங்குவதா, வங்கியை வாங்குவதா என்று மயங்குவோர்க்கு எளிய கணக்கொன்று உண்டு. வங்கியோடு வேறு இரண்டு காசுகள் வந்தால் அது 3. அஃதாவது பொன்னுக்குச் சமம். மூன்று வந்தால் 4. நான்கு வந்தால் 5, பிளாட்டினத்துக்குச் சமம். ஐந்து சீட்டுள்ள கையில் வங்கி நீங்கலாக இருப்பன நான்கு. ஆகவே, கட்டிலே பாதிக்கு மேற்பட்டவை காசாக இருக்குமாயின் வங்கி பொன்னை விஞ்சும். பாதிக்குக் குறைந்தால் பொன்னே மேல். மேலும் சீட்டுகளை எடுக்கும் வழி இருந்தால் கணக்கு இன்னும் வங்கியின் பக்கம் சாயும். ‘கொல்லன் பட்டறை’ என்ற சீட்டு மூன்று சீட்டுகளை மேலதிகமாக எடுக்கச் செய்யும். அதனை இட்டபின் கையில் ஏழு சீட்டுகள் இருக்கும். அவற்றுள் ஒன்று வங்கி, ஐந்து செப்பு, ஒன்று தோட்டம் என்று கொள்வோம். செப்பால் 5, வங்கியால் 6, மொத்தம் 11. வெறும் செப்பைக் கொண்டு குடியேற்றத்தையே வாங்கிவிடலாம்!

இங்கேதான் எனக்கும் என் மகளின் மூத்த பிள்ளைக்கும் நெடுநாள் வழக்கொன்று இருந்து வந்தது. அவனுக்கு வயது 17. கணக்கிற் கெட்டிக்காரன். “அம்மப்பா, செப்பு குப்பை, முதலில் அதைக் கழிக்க வேணும்” என்பது அவனுடைய சூத்திரம். அச்சூத்திரம் பிழையானதன்று. ஒரு முறைக்கு நான்கு சீட்டுகள் வரை கட்டிலிருந்து அடியோடு நீக்கவல்ல ‘சிற்றாலயம்’ என்ற சீட்டை 2 காசுக்கு வாங்கி, செப்புகளையும் தோட்டங்களையும் களைந்துவிட்டால், எஞ்சிய நல்ல சீட்டுகள் விரைந்து விரைந்து கைக்கு வரும். இவ்வாட்டத்தில் தேர்ந்தோர் பலரும் கையாளும் முறை இதுவே. ஆயினும், வங்கியை நம்பி ஆடுகின்றவனுக்கு அது பொருந்தாது. வங்கி உள்ள கையில் ஒவ்வொரு செப்பும் தன் 1 காசைத் தருவதோடு, வங்கியின் பெறுமதியையும் 1 காசால் உயர்த்துகின்றது. அஃதாவது, செப்பு அங்கே இரண்டு காசாகின்றது. பொன் 3 இலிருந்து 4 ஆகும், அது பெரிதன்று. செப்பு 1 இலிருந்து 2 ஆவதுதான் பெரிது.

இந்தக் கணக்கு என் மனத்தில் ஆழப் பதிந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகள் அரசாங்க எழுதுவினைஞனாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். மனைவி மறைந்தபின் வெள்ளவத்தையில் மகளுடைய வீட்டில் வாழ்கின்றேன். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. என் ஓய்வூதியத் தாளில் எழுதியிருந்த தொகை மாறவில்லை. அது வாங்கும் பொருள்தான் மாதந்தோறும் சுருங்கிற்று. வீட்டுக்கு நான் கொடுக்கும் காசு உண்ணும் உணவுக்குக்கூடக் காணாது என்ற நினைவு என்னை அரித்தது. ஊருக்குப் போய்த் தம்பி வீட்டில் இருந்துவிடுகின்றேன் என்று ஒருநாள் இரவு மகளிடம் சொன்னேன்.

அவள் அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. கணக்குக் கொப்பியை எடுத்து வந்து என் முன்னே விரித்தாள். தன் சம்பளம், கணவருடைய வருமானம், என் ஓய்வூதியம் என மூன்று வரிகள் அதில் இருந்தன. என் வரியை விரலால் மறைத்து, “இதை எடுத்தால் பிள்ளைகளின் பால்மாவுக்கு மட்டுந்தான் முட்டு வரும் என்று நினைக்கிறீர்கள், அப்பா. எரிவாயு வரிசையில் நீங்கள் நிற்காவிட்டால், பிள்ளைகள் பள்ளியால் வரும்போது வீட்டில் நீங்கள் இராவிட்டால், நான் வேலைக்குப் போவது எப்படி? அப்போது முதல் வரியும் போய்விடுமே” என்றாள். நான் ஊருக்குப் போகவில்லை. ஒரு வரியின் பெறுமதி அந்த வரியில் மட்டும் எழுதப்பட்டிருப்பதில்லை என்பதை அன்று அந்தக் கொப்பியிற் கண்டேன். பின்னாளில் வங்கிச் சீட்டை முதன்முதற் கையில் எடுத்தபோது, அதன் விதி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

ஆட்டத்துக்கு மீள்வோம். சென்ற விடுமுறையில் பேத்தி, வயது 11, முதன்முறையாகத் தமையனோடு தனித்து ஆடினாள். அவன் வழக்கம்போலச் செப்புகளைக் களைந்தான். அவள் ஒன்றையும் களையாமல், கொல்லன் பட்டறை இரண்டும் வங்கி இரண்டும் வாங்கினாள். வங்கி இரண்டும் மூன்று செப்புகளோடு ஒரே கையில் வந்த வேளை, விரல் மடித்து எண்ணினாள்: செப்பு 3, முதல் வங்கி 4, அடுத்த வங்கி 5, மொத்தம் 12. தமையன் வாய் திறவாமல் அவளுடைய சீட்டுகளையே பார்த்துக் கொண்டிருந்தான். அவ்வாட்டத்தில் வென்றவன் அவனே. வேறுபாடு 4 புள்ளி. எனினும், அதன் பின்பு அவன் ஆட்டந் தொடங்குமுன் மேசையிலுள்ள பத்து அரசுச் சீட்டு அடுக்குகளையும் நிதானமாகப் படித்துப் பார்த்தபின்னரே செப்பைக் கழிப்பதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்கின்றான். அது எனக்கு மகிழ்ச்சி.

ஏனெனில், வங்கியும் எவ்விடத்தும் வெல்லும் மந்திரமன்று. எதிரி ‘ஊர்க்காவற் படை’ என்ற சீட்டை இட்டால் நம் கை மூன்று சீட்டுகளாகக் குறைந்துவிடும். அப்போது வங்கி எத்துணை சிறப்பாக வந்தாலும் 3 காசைத் தாண்டாது. ஆட்டத்தின் கடைப்பகுதியில் மாகாணங்கள் கட்டை அடைத்துக்கொள்ளும். வங்கியோடு ஒரு செப்பும் மூன்று நிலச் சீட்டுகளும் வந்தால் மொத்தம் 3 காசே. பொன்னாக இருந்தால் 4 கிடைத்திருக்கும். ஆகவே வங்கியை ஆட்டத்தின் நடுப்பகுதியில், நிலம் சேருமுன் வாங்க வேண்டும். 12 காசு கையில் சேர்ந்தும் ஒரே பொருளைத்தான் வாங்கலாம் என்றால் மிச்சம் வீணே. ஆதலால், ஒரே முறையில் இன்னுமொரு பொருளை வாங்க இடந்தரும் ‘சந்தை’ போன்ற சீட்டொன்றும் துணையிருத்தல் நன்று.

பெறுமதி மாறும் சீட்டுகள் இவ்வாட்டத்தில் வேறும் உள. 2011 இல் வந்த ‘மூடர் பொன்’ தனித்து வந்தால் 1 காசு. தன் இனத்துக்குப் பின்னே வந்தால் 4 காசு. அது தன்னைப் போன்றவற்றை மட்டுமே மதிக்கும். வங்கியோ செப்பு, வெள்ளி, பொன் என்று வேறுபாடு பாராது. வந்திருப்பவை எத்தனை என்று மட்டுமே எண்ணும். எனக்கு அதன்மேல் உள்ள பற்றுக்கு அதுவே காரணம்.

வாசகர்களே, விடுமுறை நாளில் வீட்டிலுள்ள இளையோர் இவ்வாட்டத்துக்கு அழைத்தால், எமக்கு இது விளங்காது என்று சொல்லி ஒதுங்கிவிடாதீர்கள். விதிகளைக் கற்க ஒரு மணி நேரம் போதும். வங்கி மேசையில் இருக்குமானால் பாதிக் கணக்கை நினைவில் வையுங்கள்; செப்பைக் கழிக்குமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். என் மகளின் கணக்குக் கொப்பியில் எந்த வரி செப்பு, எந்த வரி வங்கி என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றுவரை இயலவில்லை. பிரிக்க வேண்டிய தேவை அவளுக்கும் வந்ததில்லை. மூன்று வரிகளையும் கூட்டித்தான் அவள் மாதத்தை நடத்துகின்றாள்.