பானெட்டுக்கு அடியில் ஒரு வாராக்கடன்

பி.காம் படித்துவிட்டு பேங்கில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இந்தத் தொழில் ஒரு வியாதியைக் கொடுத்திருக்கு. எதையாவது அழகா மூடி வெச்சிருந்தா, தூக்கிப் பார்க்காம இருக்க முடியாது. கடன் ஃபைலும் அப்படித்தான், கார் பானெட்டும் அப்படித்தான்.

இப்ப குப்பை கொட்டுவது கொள்ளேகாலில். பட்டுக்குப் பேர் போன ஊர். 1956 வரைக்கும் நம்ம கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது, அப்புறம் மைசூருக்குப் போச்சு, 1997-லிருந்து சாமராஜநகர் மாவட்டம். கவுண்டரில் சில பெரியவர்கள் இன்னமும் தமிழில்தான் பேசுவாங்க. சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அவர் ஓட்டின டீசல் கார்தான் இப்ப என்கிட்ட இருக்கு. வருஷக்கணக்கா உப்பு மேட்டுக்குப் பக்கத்திலேயே நின்ன வண்டி.

இந்த தீபாவளிக்கு அப்பா அம்மாவை அந்தக் காரிலேயே கூட்டிக்கிட்டு வர்றதா திட்டம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறணும். இஞ்சின் சத்தமும் சூடும் அதிகமா இருக்கேன்னு பானெட் உள்பக்கத்து இன்சுலேஷனை மாத்தலாம்னு முடிவு பண்ணினேன். பழைய ஷீட் தொங்கிப்போய், பாதியை எலி கடிச்சிருந்தது. கிளிப்புகளைக் கழட்டி ஷீட்டை எடுத்தா, ஓரம் பூரா செம்மண் கலரில் துரு!

டிங்கரிங் கடைக்காரர் அசரவே இல்லை. "யாரு நோட்தாரெ சார்? மேலேயே புது ஷீட் ஒட்டிடலாம்" என்றார். தங்கமணியோ, "பேசாம வித்துடுங்க" என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்க தொழில் சமாச்சாரம். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து, கணக்கைப் பச்சையாவே காட்டுவது. எவர்கிரீனிங் என்பார்கள். 90 நாளுக்கு மேல் தவணை வராவிட்டால் அது வாராக்கடன் என்று விதி இருந்தும், மூடி வைக்கிற வேலை நடக்கத்தான் செய்தது. 2015-ல் ரகுராம் ராஜன் கவர்னராக இருந்தபோது ரிசர்வ் வங்கி எல்லா மூடியையும் தூக்கிப் பார்த்தது. அப்புறம்தான் எவ்வளவு அரிச்சிருக்குன்னு நாட்டுக்கே தெரிஞ்சது.

துருவும் அதே ஜாதி. ஷீட் பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். இரும்பு, ஈரம், காற்று மூணும் சேர்ந்தா துரு. கூட உப்பும் சேர்ந்தா இன்னும் வேகம். துரு, தான் தின்ன இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனாலதான் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்புது. பானெட் என்பது ஒரே தகடு இல்லை. வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடிச்சிருப்பாங்க. அந்த மடிப்பில்தான் வினை ஆரம்பிக்கும்.

முதல் வேலை பரிசோதனை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்க்கணும். கீல் பக்கத்திலோ, பூட்டு மாட்டுற இடத்திலோ பொத்தல் விழுந்தா வைத்தியமே வேண்டாம், பானெட்டையே மாத்திடணும். ஓடும்போது பானெட் எழும்பிக் கண்ணாடியை மறைச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, அதுவும் பின் சீட்டில் அப்பா அம்மாவை வெச்சுக்கிட்டு. நல்லவேளை, எங்க வண்டியில் துரு மேலோட்டம்தான்.

அடுத்து சோப்புத் தண்ணியில் கழுவி, நல்லா காய விட்டு, கம்பி பிரஷ் போட்டேன். அப்புறம் 80-ஆம் நம்பர் உப்புத்தாள், அதுக்கப்புறம் 220. துருவைத் தாண்டி நல்ல பெயிண்ட் வரைக்கும் தேய்ச்சு, மேடுபள்ளம் தெரியாமல் சரிவா கொண்டுவரணும். முகமூடி, கையுறை, கண்ணாடி மூணும் கட்டாயம்.

சொறசொறப்பில் மிச்சம் இருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர். அது துருவோட சேர்ந்து இரும்பு பாஸ்பேட் படலமா மாறிடும். இதைப் படிச்சப்ப டெல்லி இரும்புத் தூண் ஞாபகம் வந்தது. 1600 வருஷமா வெயிலிலும் மழையிலும் நிக்குது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாச்சுன்னு கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து சொன்னார். நம்ம பாட்டில் அதுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா பையன்னு வெச்சுக்கலாம் :-)

டப்பாவில் போட்ட நேரப்படி காய விட்டு, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், மேலே பெயிண்ட். மடிப்புக்குள்ளே கேவிட்டி வாக்ஸ். தண்ணி வடியும் ஓட்டைகளை மட்டும் அடைச்சிடாதீங்க.

பெயிண்ட் முழுசா இறுகின பிறகுதான் ஷீட். தண்ணி உறிஞ்சாத, தீப்பிடிக்காத, பானெட்டுக்குன்னே செஞ்ச ஷீட்டா பார்த்து வாங்குங்க. மெத்தை ஸ்பாஞ்ச், தெர்மாகோல் வகையறா வேண்டவே வேண்டாம். அலுமினியப் பக்கம் இஞ்சினைப் பார்த்து இருக்கணும். நான் பசை போடாம கிளிப்பில்தான் மாட்டினேன். ஏன்னா மறுபடி திறந்து பார்க்கணுமே!

டொராண்டோ பக்கம் இருக்கறவங்களுக்கும் இது பொருந்தும். பனிக்காக அங்கே ரோட்டிலேயே உப்புப் போடுவாங்களே, அதுவும் தூத்துக்குடி உப்பளமும் ஒண்ணுதான்.

அப்பாவுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டு, "விக்கலையேடா?" என்றார். அவருக்கு அது ஒண்ணுதான் தெரியணும். இல்லைப்பா, ரெனியூவல் போட்டிருக்கேன் என்றேன். லோன் கொடுத்தாச்சுன்னா இன்ஸ்பெக்‌ஷனும் உண்டே. ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு ஓரக் கிளிப்பைக் கழட்டிப் பார்க்கிறதா டைரியில் குறிச்சு வெச்சிருக்கேன்.