நாய்க் குளிரும் கறுப்புக் குருவியும்

2023 ஜனவரியில் தங்கையின் பிரசவத்துக்காக இத்தாலியில் உள்ள போலோனியா நகருக்குப் போயிருந்தேன். ஊரைப் பார்த்ததுமே ஓர் அதிசயம்! தெருவோரமெல்லாம் தூண் வைத்து, கூரை போட்ட நடைபாதைகள். நகரின் மையத்தில் மட்டும் சுமார் 38 கிலோமீட்டராம். மழையிலும் குடையில்லாமல் காய்கறி வாங்கி வந்துவிடலாம். 2021-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் என் கவலையெல்லாம் தங்கையைப் பற்றித்தான். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் அவள் தனி. எதிர்வீட்டில் ஒரு வயதான அம்மாள்; இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை. "அவங்க பாஷையில என்னத்தைப் பேசறது அக்கா?" என்றாள். நான் கிளம்பிவிட்டால் கைக்குழந்தையோடு என்ன செய்வாள்?

ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலோடு குப்பை கொட்டப் போனேன். அந்த அம்மாள் பதறிப்போய், "கோல்போ தாரியா!" என்று சொல்லி, தன் கழுத்துத் துணியை என் தலையில் சுற்றிவிட்டார். 'காற்றடி' என்று அர்த்தமாம். ஈரத் தலையிலும் வேர்த்த உடம்பிலும் காற்றுப் பட்டால் கழுத்துப் பிடிக்கும், ஜலதோஷம் வரும் என்று அந்த ஊர் அம்மாக்கள் அதட்டுவார்களாம். நம் பாட்டி பேசுகிற மாதிரியே இல்லை? ஜலதோஷம் கிருமியால் வருவது என்கிறார்கள் டாக்டர்கள். இருக்கட்டும். அந்தக் கரிசனம் எதனால் வருவது என்று நமக்குத் தெரியாதா?

துணியைத் திருப்பித் தர, தங்கையையும் அழைத்துக்கொண்டு ரவா கேசரியோடு போனேன். அன்று முதல் தினம் ஒரு பாடம். பெருமழைக்கு "பியோவே அ கத்தினெல்லே". பேசினால் மொண்டு ஊற்றுகிறதாம். கடுங்குளிருக்கு "ஃப்ரெத்தோ கானே", அதாவது நாய்க் குளிர்! ஜனவரி 29, 30, 31 'மெர்லா நாட்கள்'. வருஷத்திலேயே குளிர் அதிகம் அப்போதுதான் என்பார்கள். மெர்லா ஒரு குருவி. முன்பு வெள்ளையாக இருந்ததாம். குளிர் தாங்காமல் மூன்று நாள் புகைபோக்கியில் ஒளிந்து, கரி படிந்து கறுப்பாக வெளியே வந்ததாம்.

அட, நம் தை மாசமாச்சே! "தைப்பனி தரையைத் துளைக்கும்னு சொல்லுடி" என்றேன். தங்கை திக்கித் திணறிச் சொன்னாள். அம்மாள் கைகொட்டிச் சிரித்தார்.

நான் ஊர் திரும்பிய அன்று நல்ல மழை. கதவு தட்டும் சத்தம். தங்கையே முந்திக்கொண்டு, "பியோவே அ கத்தினெல்லே!" என்றாள். அம்மாள் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். நான் நிம்மதியாகப் பெட்டியை மூடினேன்.

புது ஊரில் பேச்சுத்துணை இல்லையே என்று ஏங்கும் சகோதரிகளே, மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்!