வியோம்கேஷ் யாருக்குச் சொந்தம்?

துப்பறிவாளனுக்குக் கல்யாணம் செய்துவைப்பது எழுத்தாளனுக்கு ஆபத்து. 1932இல் வியோம்கேஷ் பக்‌ஷியைப் படைத்த வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய, அவனுக்குச் சத்யவதியைக் கட்டிவைத்தார். குடும்பஸ்தனை யார் ரசிப்பார்கள் என்று அவருக்கே தோன்றிவிட்டதாம். பத்துக் கதைகளோடு நிறுத்திவிட்டு, பம்பாய் போய் சினிமாவுக்கு எழுதினார். சுமார் 15 வருட மௌனம்.

பிறகு கல்கத்தாவில் நண்பர் வீட்டுப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஏன் எழுதுவதில்லை? கெஞ்சலல்ல, பாக்கி வசூல். 1951இல் வியோம்கேஷ் திரும்பினான். 1893இல் ஹோம்ஸைக் கொன்றதற்காக பிரிட்டிஷ் வாசகர்கள் பத்திரிகைச் சந்தாவையே ரத்து செய்தார்கள்; கல்கத்தா கொஞ்சம் நாசூக்கு, அவ்வளவுதான்.

1993இல் தூர்தர்ஷனில் ரஜித் கபூரைப் பார்த்துப் பழகியவர்களில் பலருக்கு, பின்னால் வந்த வியோம்கேஷ்கள் எல்லோரும் போலிகள். சரதிந்து 1970இல் இறந்தபோது ஒரு கதை பாதியில் நின்றது. அதையும் மன்னிக்காத வாசகர்கள் உண்டு.