பர்மாவிலிருந்து வந்த பெரியவர்களுக்கு



சென்னைக்குப் போனால் பர்மா பஜாருக்குப் பின்னால் உள்ள தள்ளுவண்டிகளைத் தேடிப் போய்விடுவேன். தடித்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிற அத்தோ. கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். ரங்கூனில் நம்மவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டை எங்கள் தலைமுறைக்கும் ஊட்டியதற்காகத்தான் இந்த மடல்.

1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பிரேசர் தெருவில் 1871இல் தமிழர் கட்டிய காளி கோயில் இன்றும் இருக்கிறது. தெருதான் அனோரதா சாலையாகிவிட்டது. எழுத்தாளர் ஏ. கே. செட்டியார் 'தனவணிகன்' இதழுக்கு ஆசிரியராக இருந்ததும் அந்த ஊரில்தான். இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பரில் அங்கே ஜப்பானியக் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். காட்டிலும் மலையிலும் நடந்து வந்தவர்களில் பல ஆயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். அங்கேயே தங்கியவர்களின் கடைகளை 1964இல் பர்மாவின் நே வின் ராணுவ அரசு எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினீர்கள்.

அதே உலகப் போர் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்களையும் ஊரைவிட்டுத் துரத்தியது. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய டெர்மினல் தீவில் மீன்பிடித்து வாழ்ந்த சுமார் 3,000 பேர் வெளியேற, 1942 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படை கொடுத்த கெடு 48 மணி நேரம். பிறகு வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். அந்த மக்கள் 1971இல் சங்கம் அமைத்தார்கள். 2002இல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

நீங்களோ சென்னையில் கடை போட்டீர்கள். 1969இல் பர்மா பஜார் வந்தது. பர்மாவுக்கே திரும்ப முயன்று எல்லையில் தடைபட்டவர்கள் மணிப்பூரின் மோரேயில் குடியேறி, தமிழ்ச் சங்கம் வைத்து, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். வயிற்றுப்பாட்டுக்குச் செய்ததுதானே என்பீர்கள். பிழைக்க வந்த இடத்தில், ஊர்ப் பழக்கத்தையும் பிள்ளைகளோடு சேர்த்து வளர்ப்பது லேசான காரியமில்லை. அதற்குத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒரு விண்ணப்பமும் உண்டு. ரங்கூனில் நீங்கள் குடியிருந்த தெரு, பக்கத்து வீட்டுக்காரர், பேசிய பர்மியச் சொற்கள், அடுக்களைப் பக்குவம் எல்லாவற்றையும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் எழுதி வைக்கட்டும். கைப்பேசியில் பதிந்தாலும் சரி.


வாசுதேவநல்லூர் வாசகன்