உற்றறியும் விரல்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுத்துக் காட்டுகின்றது. புல்லும் மரமும் ஓரறிவு உடையன. அவை பெற்றுள்ள அந்த ஓர் அறிவு உற்றறிதல், அஃதாவது தொடுவதால் அறிதல். அதன்மேல் நாவால் அறியும் அறிவும் மூக்கால் அறியும் அறிவும் வந்து சேர்கின்றன. கண்ணால் காணும் அறிவு நான்காவதாகத்தான் வருகின்றது. நண்டும் தும்பியும் அந்நிலையில் வைக்கப்பட்டுள்ளன. இவ்வரிசையை வகுப்பறைதோறும் மாணவர் ஒப்புவிக்கின்றனர். ஆசிரியர் கேட்டு மகிழ்கின்றனர். ஆயினும் வாழ்க்கை என்று வரும்போது கண்ணுக்கே முதலிடம் தந்து, தொடுவுணர்வை எவரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. கண்ணொளி இழந்தவன் அறிவின் வாயில் அடைபட்டவன் என்றே உலகம் கருதிவிடுகின்றது.

இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் காலைக் கொண்டே கற்றுக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸ் என்பதற்குச் செங்கற் களங்கள் என்று பொருள். 1881-ஆம் ஆண்டில் முதலில் நெருப்பும் பின்னர் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. அதன்பின் நகரம் செங்கல்லால் எழும்பத் தொடங்கியது. அந்தச் செங்கற்கள் சுடப்பட்ட மண் இது. பின்னர் இரயில்வேப் பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் தோன்றின. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தோர் இங்கே குடியேறினர். 2010-ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு 'லிட்டில் இந்தியா' என்னும் பெயரும் அலங்கார வளைவுகளும் கிடைத்தன. பூக்கடையும் புடைவைக்கடையும் காணவருவோர் பலர். ஆனால் இவ்வூருக்கு இன்னொரு முகம் உண்டு. 1951-இல் தோன்றிய மலாயாப் பார்வையற்றோர் சங்கம், இன்று மலேசியப் பார்வையற்றோர் சங்கம் என்னும் பெயரோடு, இங்கேதான் தலைமையகம் கொண்டுள்ளது. அவ்வாண்டு அக்டோபரில் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயர் தாங்கிய பயிற்சி நிலையமும் இங்கே உள்ளது. அங்கே பயின்று வெளிவந்தோருள் பலர் உடற்பிடிக் கலையைத் தொழிலாகக் கொண்டு, சுற்றியுள்ள தெருக்களின் கடைவீடுகளில் அமர்ந்தனர். நடைபாதையில் புடைத்து நிற்கும் மஞ்சள் தளக்கற்களை வெள்ளைக் கோலால் தட்டித் தடவிச் செல்வோரை அங்கே நாள்தோறும் காணலாம்.

மேற்சொன்ன ஆசிரியர் கிள்ளானில் வாழ்பவர். தோட்டப்புறத்தில் பிறந்தவர். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் தாய் தரையில் படுத்துக்கொள்வார். சிறுவனாகிய அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தாயின் கால்களை மெல்ல மிதித்துவிடுவார். மருந்தும் மாத்திரையும் எட்டாத அந்நாளில் அதுவே அவ்வீட்டின் மருத்துவம். சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் தாயின் கை, அவர் நினைவில் இன்றும் சூடு ஆறாமல் இருக்கின்றது. பின்னர் அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகைக்கு முன் நின்று பணியாற்றினார். நின்று நின்று இடுப்பும் கால்களும் தளர்ந்தன. நீரிழிவும் வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்ற பின், மாதம் ஒருமுறை கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஓர் உடற்பிடி நிலையத்துக்குச் செல்வது அவர் வழக்கமாயிற்று.

அங்கே அவருக்குப் பிடித்துவிடுபவர் பிறவியிலேயே பார்வையில்லாதவர். அவரும் தோட்டத்துப் பிள்ளை. வயதில் ஆசிரியரினும் இளையவர். படிக்கட்டில் கேட்கும் நடையோசையைக் கொண்டே, "வாருங்கள் ஐயா" என்று அழைத்துவிடுவார். "தம்பி நலந்தானா?" என்று இவர் கேட்பார். பிடித்து முடியும் வரையில் பழைய பாடல்களையும் தோட்டத்துக் கதைகளையும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் அப்பேச்சு இடையில் நின்றது. இடக்காலைப் பற்றிய விரல்கள் பாதத்தில் தயங்கின, வலப்பாதத்துக்குச் சென்றன, மீண்டும் இடப்பாதத்துக்கு வந்தன.

"ஐயா, காலில் ஏதேனும் குத்தியதா?"

"இல்லையே. வலியே இல்லை."

அவர் எழுந்து சென்று கைகழுவிவிட்டு வந்தார். "ஐயா, இன்று நான் பிடிக்கமாட்டேன். இந்தக் கால் கொதிக்கிறது. பெருவிரலுக்கு அடியில் ஈரம் தெரிகிறது. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்."

ஆசிரியருக்குச் சினம் மூண்டது. அத்தனை தொலைவு வந்தது வீணாயிற்றே என்னும் எரிச்சல் ஒருபுறம். "தம்பி, என் காலை நான் நாள்தோறும் பார்க்கிறேன். உங்களுக்குத்தான்..." என்று தொடங்கியவர், அச்சொல்லை முடிக்க நாணி நிறுத்திக்கொண்டார். முடிக்காத சொல்லும் கேட்டுவிட்டது. ஆனால் அவர் முகம் மாறவில்லை. "மேற்புறத்தைப் பார்த்திருப்பீர்கள், ஐயா. இது அடிப்பக்கம். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு வாருங்கள்" என்றார். நீட்டிய பணத்தையும் அவர் வாங்கவில்லை. பிடிக்காத காலுக்குக் கூலி எதற்கு என்று கேட்டார்.

அன்று மாலையே ஆசிரியர் கிள்ளானில் ஒரு மருத்துவரைக் கண்டார். பெருவிரலின் அடியில் ஒரு சிறு புண். அதனுள் தாள்களைத் தைக்கும் ஸ்டேப்ளர் கம்பியின் துண்டு ஒன்று. பேரப்பிள்ளையின் பயிற்சி நூலிலிருந்து உதிர்ந்ததாக இருக்கலாம். எத்தனை நாள் அதன்மேல் நடந்தார் என்பதை அவரால் சொல்ல இயலவில்லை. புண் ஆழப் புகத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாள் கடந்திருந்தால் விரலை எடுக்க நேர்ந்திருக்கும் என்று மருத்துவர் கூறினார். கட்டும் மருந்துமாக ஆறு வாரங்கள் சென்றன. விரல் பிழைத்தது.

நீரிழிவின் கொடுமை இவ்விடத்தில்தான் உள்ளது. நெடுநாள் மிகுந்து நிற்கும் சர்க்கரை பாதத்து நரம்புகளைக் கெடுக்கின்றது. முள் குத்தினாலும் வலி தோன்றாது. வலி தோன்றாமையால் புண் அறியப்படாது. அறியப்படாத புண் அழுகிக் காலையே கொண்டுபோகும். அந்நோயே கண்ணின் விழித்திரையையும் கெடுத்துப் பார்வையைப் பறிக்கின்றது. சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய நாடளாவிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ ஐவருள் ஒருவர்க்கு நீரிழிவு இருந்தது. தமிழர் இல்லங்களில் இதனை அறியாத வீடு அரிது. ஆகவே நாள்தோறும் இரு பாதங்களையும் அடிப்பக்கம் வரை தடவிப் பார்த்தல் ஒரு கடமையாகின்றது. ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருத்தல் தீங்கின் அறிகுறி என்பதை மருத்துவ நூல்களும் கூறுகின்றன. பிரிக்பீல்ட்ஸ் விரல்கள் ஒப்பிட்டு அறிந்ததும் அதுவே.

உடலைக் கீறாமல், ஊசி ஏற்றாமல் நலம் தரும் முறைகள் தமிழர்க்குப் புதியன அல்ல. சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை முப்பத்திரண்டு எனத் தொகுத்துள்ளது. அவற்றுள் ஒன்று தொக்கணம். அதுவே ஒன்பது வகைப்படும்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்பன. மலாய் மக்களிடையே 'உருட்' என்னும் உடற்பிடி மரபு பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாயைத் தேற்றுவதில் பெயர் பெற்றது. 2007-ஆம் ஆண்டில் பினாங்கு மாநிலத்துக் கெப்பாலா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனையில் இத்தகைய மரபு மருத்துவப் பிரிவு தொடங்கப்பெற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மலாய், சீன, இந்திய மரபு மருத்துவங்களுக்கு ஒழுங்குமுறை வகுத்தது.

எனினும் இம்முறைகளுக்கு எல்லை உண்டு. இறுகிய தசை தளரும், வலி சில காலம் தணியும், மனம் அமைதியுறும். நீரிழிவை நீக்கவோ நைந்த நரம்பைப் புதுக்கவோ உடற்பிடியால் ஆகாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் திடீரெனத் தோன்றினால் உள்ளே குருதி உறைந்திருக்கக்கூடும். அதனை அழுத்தினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே இடர் செய்யலாம். காய்ச்சல், எலும்பு முறிவு, தோலில் புண், எலும்புத் தேய்வு ஆகியவை உள்ளவரும், குருதி உறையாதிருக்க மருந்து உண்பவரும் மருத்துவரைக் கேளாமல் உடற்பிடிக்குச் செல்லலாகாது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் பளிங்குத் தரையும் குளிர்காற்றுமாக நலச் சிகிச்சை நிலையங்கள் பெருகியுள்ளன. குளிரால் கொழுப்பை உறையவைத்துக் கரைக்கும் பொறிகளும் அங்கே உள்ளன. தோலைவிடக் கொழுப்பணுக்கள் குளிருக்கு எளிதில் மடியும் என்னும் உண்மையின்மேல் அமைந்த முறை அது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டில் அதற்கு இசைவு கிடைத்தது. ஓரிடத்துக் கொழுப்பைச் சிறிது குறைக்க அது உதவும். உடற்பருமனுக்கு அது மருந்தன்று. அரிதாகச் சிலர்க்குக் கொழுப்பு குறையாமல், அவ்விடத்திலேயே தடித்துவிடுவதும் உண்டு. கத்தி இல்லை என்பதனால் கவனமும் வேண்டா என்று எண்ணுவது பேதைமை. எந்தச் சிகிச்சையாயினும், 'இவருக்கு இது வேண்டா' என்று சொல்லத் துணியும் ஒருவர் அங்கே இருக்கின்றாரா என்பதே முதலில் கேட்கத் தக்க கேள்வி.

ஆறு வாரங்களுக்குப் பின் ஆசிரியர் மீண்டும் பிரிக்பீல்ட்ஸ் சென்றார். படியேறும்போதே மன்னிப்புச் சொற்களை ஒழுங்கு செய்துகொண்டு சென்றார். ஆனால் மற்றவரோ அதற்கு இடந்தராமல் முதலில் பாதத்தையே கேட்டார். இரு கால்களையும் தொட்டுப் பார்த்து, "இப்போது இரண்டும் ஒரே சூடு" என்று மகிழ்ந்தார். இவ்வறிவு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் வினவினார். "எங்கள் பயிற்சியில் முதல் பாடமே எதை அழுத்தக்கூடாது என்பதுதான், ஐயா. அது தெரியாதவரை எங்கள் கையை ஆள்மேல் வைக்கவிடமாட்டார்கள்" என்பது விடை.

அந்த நாளில் வாங்க மறுத்த கூலியின் மதிப்பு என்ன என்பதும் அப்பேச்சில் தெரிந்தது. பிடித்தால்தான் வருவாய், மாதச் சம்பளம் இல்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, தொடுதலே தொழிலாகக் கொண்ட இவர்களின் வாழ்வு ஒரே நாளில் நின்றது. ஒருவரை ஒருவர் தொடலாகாது என்ற காலத்தில் இவர்கள் செய்வதற்கு வேறென்ன இருந்தது? அத்தகைய நாள்களைக் கண்டவர்தாம், ஒரு மணி நேரக் கூலியை விட்டுக்கொடுத்து ஒரு காலைக் காத்தார்.

அன்று இரயிலில் திரும்பும்போது ஆசிரியரின் நெஞ்சில் பழைய நிகழ்ச்சி ஒன்று தோன்றி வருத்தியது. அவர் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், கடைசி வரிசையில் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதச் சொன்னால் பிழை பிழையாக எழுதுவான். சோம்பல் என்று முடிவு கட்டிப் பலமுறை அவனை வெயிலில் நிறுத்தினார். ஆண்டு இறுதியில் வேறோர் ஆசிரியர் அவனை முன்வரிசைக்கு மாற்றிய பிறகே, அவனுக்குக் கிட்டப்பார்வை என்பது தெரிந்தது. எழுத்து அவன் கண்ணுக்கு எட்டவே இல்லை. இரு கண்ணும் நன்றாயிருந்த ஆசிரியர் தம் மாணவனின் கண்ணை ஓராண்டு முழுதும் காணவில்லை. கண்ணே இல்லாத ஒருவர் இவர் காலை ஒரு நொடியில் கண்டார்.

கற்பித்தலும் ஒருவகைத் தொக்கணமே. மாணவன் உள்ளத்தின் எவ்விடம் தளர்ந்துள்ளது, எவ்விடம் புண்பட்டுள்ளது என்பதை உணராமல் எல்லாரையும் ஒரே வலிமையோடு அழுத்துகின்ற ஆசிரியன், நோயை மிகுவிப்பவன் ஆவான். எங்கே அழுத்த வேண்டும் என்பதைப் பயிற்சிக் கல்லூரிகள் விரிவாகவே கற்பிக்கின்றன. கையை நிறுத்த வேண்டிய இடத்தை அறிவதற்குத் தொடுகின்ற விரலின் பொறுமை வேண்டும். தொல்காப்பியர் முதலில் வைத்த அறிவு அது. மற்ற அறிவுகள் வந்தபின் அதனைக் கைவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்.

அவ்வாசிரியர் இன்றும் மாதந்தோறும் பிரிக்பீல்ட்ஸ் செல்கின்றார். இப்பொழுதெல்லாம் கேட்கும் முன்பே காலுறைகளைக் கழற்றி, இரு பாதங்களையும் நீட்டி அமர்ந்துவிடுகின்றார். விரல்கள் பாதங்களைத் தொட்டு, "சரி ஐயா" என்று சொல்லும்வரை அவர் பேசுவதில்லை.