பனியில் துணை, தார்ச் சாலையில் சுமை

வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குலுவும் மணாலியும் இன்று எட்டாத ஊர்கள் அல்ல. சண்டிகரிலோ அம்பாலாவிலோ இருப்பவர்கள் மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் குடும்ப சகிதம் புறப்பட்டு விடுகிறார்கள். ஆனால் மணாலிக்கு அப்பாலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கைக் குளிர்காலத்தில் காண்பது நெடுங்காலம் இயலாத காரியமாகவே இருந்தது. இடையே 3,978 மீட்டர் உயரத்தில் நிற்கும் ரோதாங் கணவாய் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் பனியால் அடைபட்டுக் கிடக்கும். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின் இந்நிலை மாறிற்று. எல்லைச் சாலைகள் நிறுவனம் அமைத்த இச்சுரங்கத்தின் நீளம் 9.02 கிலோமீட்டர். மணாலிக்கும் லே நகருக்கும் இடையே 46 கிலோமீட்டர் தூரம் இதனால் குறைந்தது.

2024 மார்ச் மாதத்தில் நாங்கள் சென்றபோது சுரங்கத்தின் தென்வாயிலில் பனி திட்டுத் திட்டாகவே இருந்தது. சில நிமிஷங்களில் வடவாயிலை அடைந்தோம். அங்கே வேறோர் உலகம்! சாலை, வயல், கூரை யாவும் ஒரே வெண்மை. சந்திரா நதி மட்டும் அந்த வெண்மையின் நடுவே கறுத்த கோடாக ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்ஸு கிராமம் வரை சென்று, குழந்தைகள் ஆசை தீரப் பனியில் விளையாடினார்கள்.

இத்தகைய நாட்களில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளை மட்டுமே போலீசார் மேலே அனுமதிப்பது வழக்கம். ஆகவே முன்னே ஐவர் அமரவும், பின்னே மூட்டை முடிச்சுகளை ஏற்றவும் வசதியான பிக்கப் வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தியிருந்தோம். லாஹௌல்காரரான சாரதி பனியைக் கண்டதும் ஒரு நெம்புகோலை இழுத்தார். அதுவரை வழுக்கிய வண்டி மண்ணைப் பற்றியதுபோல நிதானமாக ஏறிற்று.

மணாலிக்குத் திரும்பியதும் அவர் இறங்கிக்கொண்டார். சண்டிகர் வரை ஓட்ட வேறொரு இளைஞர் வந்தார். சாவி கைமாறிற்று, டீசல் கணக்கு கைமாறிற்று. நெம்புகோல் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி மட்டும் கைமாறவில்லை. அதை அறிவிக்கும் சிறு விளக்கு வண்டியின் முகப்புப் பலகையில் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் பௌத்தர்கள் மரியாதைக்காக அணிவிக்கும் வெண்பட்டுத் துணி அதன் மேல் தொங்கியதால் யார் கண்ணிலும் படவில்லை.

மணாலியிலிருந்து கீழே வரும் சாலை பியாஸ் நதியின் கரையோடு செல்கிறது. இதன் புராணப் பெயர் விபாசா. மக்களை இழந்த துயரத்தில் வசிஷ்ட முனிவர் தம்மைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இந்நதியில் குதித்ததாகவும், நதி கட்டுகளை அறுத்து அவரைக் கரை சேர்த்ததாகவும் மகாபாரதம் கூறுகிறது. மணாலிக்கு அருகே அவர் பெயரால் ஒரு கிராமமும் வெந்நீர் ஊற்றுகளும் உள்ளன. 2023 ஜூலை வெள்ளத்தில் இந்த நதியே சாலையைப் பல இடங்களில் அரித்துச் சென்றது. அந்த வடுக்களை நாங்கள் வழிநெடுகக் கண்டோம்.

ஔட் அருகேயுள்ள சுரங்கத்தையும் பண்டோ அணையையும் கடந்து மண்டி நகரை அடைந்தபோது, ஸ்டியரிங் கனக்கிறது என்று சாரதி சொன்னார். டயரில் காற்றுக் குறைவு என எண்ணிக் காற்றும் நிரப்பிக்கொண்டார். நேர்சௌக்குக்கு அப்பால் நான்கு வழிச் சாலை தொடங்குகிறது. வண்டி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிற்று. குறை ஒன்றும் தெரியவில்லை. குழந்தைகள் உறங்கிவிட்டார்கள்.

எதிர்ப்புறம் இருந்த உணவு விடுதிக்குச் செல்வதற்காக, சாலை நடுவிலிருந்த இடைவெளியில் சாரதி வண்டியை முழுவதுமாகத் திருப்பினார். பாதி வளைவில் டயர்கள் கிறீச்சிட்டன. வண்டி துள்ளித் துள்ளி நகர்ந்து, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டது. நின்ற இடமோ நெடுஞ்சாலையின் குறுக்கே! எதிரே பாரம் ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. பெண்கள் குழந்தைகளை அணைத்துக்கொண்டார்கள். சாரதி மேலும் மேலும் விசையை மிதித்தார். வண்டி முனகியதே தவிர அசையவில்லை.

லாரி சற்றுத் தொலைவிலேயே நின்றது. அதிலிருந்து முதிய சர்தார்ஜி ஒருவர் இறங்கி வந்து, மற்ற வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார். எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, துணியை விலக்கி, விளக்கைக் காட்டினார். “மகனே, மிதிக்காதே. இரும்பு முறுக்கேறி நிற்கிறது. சக்கரத்தை நேராக்கு, மெல்லப் பின்னுக்கு வா” என்றார். மூன்று மீட்டர் பின்வாங்கியதும் உள்ளே ‘தடக்’ என்று ஓர் ஓசை கேட்டது. நெம்புகோல் தானே விட்டுக்கொடுத்தது. கட்டு அவிழ்ந்தது.

இது ஏன் நேர்கிறது என்பதை நேயர்கள் அறிந்திருத்தல் நலம். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் உள்ள வண்டி, பின்னச்சு 6 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் அடிக்கும்போது, முன்னச்சு சுமார் 2.2 மீட்டர் அதிகமாக உருள வேண்டும். இரண்டு சக்கர நிலையில் இதனால் தொல்லை இல்லை. நான்கு சக்கர நிலையிலோ முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன. பனியிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலை வழுக்க விடாது. தீராத வித்தியாசம் பற்சக்கரங்களிலும் தண்டுகளிலும் முறுக்காக ஏறுகிறது. 200 மீட்டர் ஆரமுள்ள நெடுஞ்சாலை வளைவில் அதே அரைவட்டத்துக்கு வித்தியாசம் 7 சென்டிமீட்டர்தான். வேகமாகச் செல்லும்போது குறை தெரியாததன் காரணம் இதுவே.

இரயில் சக்கரங்களும் அச்சோடு இறுகப் பிணைந்தவையே. ஆனால் அவற்றின் விளிம்பு நேராக இராமல் 20-க்கு 1 என்ற கணக்கில் சரிவாகக் கடையப்படுவது மரபு. வளைவில் வெளிச்சக்கரம் பெரிய விட்டத்திலும், உட்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருண்டு கணக்கைச் சரிசெய்து கொள்கின்றன. மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. நடுவே மூன்றாவது டிபரன்ஷியல் அமைந்த சில வண்டிகள் மட்டும் எச்சாலையிலும் நான்கு சக்கரத்தோடு ஓடலாம்.

மலைப்பயணம் செல்லும் அன்பர்கள் சிலவற்றை நினைவிற் கொள்ளவேண்டும். பனி முடிந்து காய்ந்த சாலை தொடங்கியதும் வண்டி இரண்டு சக்கர நிலைக்கு வந்துவிட்டதா என்று சாரதியைக் கேளுங்கள். ஸ்டியரிங் கனத்தாலும், திருப்பத்தில் வண்டி துள்ளினாலும், காற்றைப் பார்க்குமுன் அந்த விளக்கைப் பாருங்கள். ஓடும்போது தெரியவந்தால் பதற வேண்டாம். திடீரென்று திருப்பாமல், நேராக ஓட்டி, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி மாற்றச் சொல்லுங்கள். பின்னர் பட்டறையில் எண்ணெய்க் கசிவும் சூடும் உண்டா எனப் பார்ப்பது நன்று. எங்கள் வண்டிக்குச் சேதம் ஒன்றும் இல்லை என்று சுந்தர்நகர் பட்டறையில் கூறினார்கள்.

இரயில்வேயில் ஒருவர் பொறுப்பை விட்டு மற்றொருவர் ஏற்கும்போது, உள்ள நிலையை எழுதிக் கையொப்பமிட்டே ஒப்படைப்பது வழக்கம். வீண் சடங்கு என்று அதை நினைப்பவர்கள் உண்டு. சாரதி மாறும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லப்பட்டிருந்தால், சாலையின் குறுக்கே குழந்தைகளோடு நிற்க நேர்ந்திராது. வாடகை வண்டியில் செல்வோர் அந்த ஒரு வார்த்தையைத் தாமே கேட்டுப் பெறட்டும்.